மண்ணும் மகுடமும் – 14: ஐந்தாவது நகம்

1743ஆம் ஆண்டு, சீன நாள்காட்டியில் இரண்டாம் மாதம். ஜிங்டெஜென் அரச சூளையின் மேற்பார்வையாளர் தாங் யிங், பேரரசர் சியென்லுங்குக்கு ஒரு விண்ணப்பம் எழுதி அனுப்பினார். கேட்டால் சில்லறை விவகாரம் போலத்தான் இருக்கும்: சூளையிலிருந்து தரம் குறைந்து வெளிவரும் பாத்திரங்களை என்ன செய்வது?

முந்தைய ஆண்டுதான் பெய்ஜிங்கிலிருந்து ஒரு புது உத்தரவு வந்திருந்தது. இரண்டாம் தரச் சரக்கையெல்லாம் தலைநகருக்கு ஏற்றி வர வேண்டாம்; அங்கேயே விற்றுக் காசாக்கிக் கணக்குக் காட்டினால் போதும். சுமைகூலி மிச்சம், கிடங்கில் இடமும் மிச்சம். எந்தக் கருவூல அதிகாரியும் தலையாட்டக்கூடிய யோசனை. தாங் யிங்குக்கு மட்டும் அது தொண்டையில் இறங்கவில்லை. அரண்மனைப் பாத்திரம் கடைத்தெருவில் கிடைத்தால், அதைப் பார்த்து ஊர்ச் சூளைக்காரர்கள் கூசாமல் நகல் எடுப்பார்கள்; கேட்டால் ‘அரசாங்கமே விற்றதுதானே’ என்பார்கள். அதிலும் இரண்டு வகையை எக்காரணம் கொண்டும் வெளியே விடக் கூடாது என்று அவர் அழுத்தி எழுதினார். ஒன்று, மஞ்சள் பூச்சுப் பாத்திரங்கள். மற்றது, ஐந்து நக டிராகன் வரைந்தவை.

பேரரசர் சிவப்பு மையில் பதில் எழுதினார். மிகச் சுருக்கமான பதில். டிராகன் பீங்கான்களைப் பற்றி நான் படித்த ஆவணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குறிப்புதான். ஆனால் அதன் காரம் உறைக்க வேண்டுமானால், அந்த ஐந்து நகத்துக்காக அதுவரை சிந்தப்பட்டதையெல்லாம் கொஞ்சம் பார்த்துவிட்டு வர வேண்டும்.

முதலில் தாங் யிங். அரண்மனைப் பணியில் வளர்ந்தவர். 1728இல் ஜிங்டெஜெனுக்கு அனுப்பப்பட்டபோது வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பீங்கான் தொழிலில் அரிச்சுவடிகூடத் தெரியாது. அவர் செய்த காரியம், அதிகாரிகளில் அபூர்வம். வெளிப்பழக்கத்தையெல்லாம் நிறுத்திவிட்டு மூன்று ஆண்டுகள் தொழிலாளிகளோடு உண்டு, அவர்களோடு உறங்கி, வேலையைக் கற்றுக்கொண்டார். 1735இல் அவர் பதிவு செய்த கணக்கில் 57 வகைப் பூச்சுகளும் அலங்காரங்களும் இருக்கின்றன. அதே பதிவு ஒவ்வோர் ஆண்டும் தலைநகருக்குப் போகும் சரக்கையும் சொல்கிறது: 600க்கும் மேற்பட்ட மரத்தொட்டிகள், தட்டு, கிண்ணம், கோப்பை என்று முதல் தரத்தில் 16,000 முதல் 17,000 வரை, கழித்துவிடப்பட்ட இரண்டாம் தரத்தில் 60,000 முதல் 70,000 வரை. தேறியது ஒன்றென்றால் தேறாதது நான்கு. விற்கச் சொல்லிப் பேரரசர் கைகாட்டியது இந்த நான்கு பங்கைத்தான்.

தாங் யிங்குக்குப் பயமும் இருந்திருக்கும். 1741இல்தான் சியென்லுங் அவரைக் கடிந்துகொண்டு, ‘என் தந்தை யோங்செங் காலத்துச் சரக்கின் தரம் இதில் இல்லை’ என்று நட்டத்தை அவர் தலையிலேயே கட்டியிருந்தார். சூடுபட்ட ஊழியர் எழுதிய விண்ணப்பம் இது.

இனி நகத்துக்கு வருவோம். சீனாவில் டிராகன் எல்லாருக்கும் பொது. மழையைத் தருவது, ஆற்றில் வாழ்வது, ஊர்க்கோயில் கூரையில் ஏறி உட்காருவது. அதை அரசன் தன் வீட்டுச் சொத்தாக்கியது பிற்காலத்தில்தான். மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்தில், 1314இல் வந்த ஆடைச் சட்டம் ஒன்று டிராகன் உருவத்தை மற்றவர்கள் அணியக் கூடாது என்றது. உடனே ஓர் அடிக்குறிப்பும் சேர்த்தது: டிராகன் என்றால் ஐந்து நகமும் இரண்டு கொம்பும் உள்ளது. அதாவது ஒரு நகத்தைக் குறைத்துக்கொண்டால் குற்றமில்லை. சட்டத்தை எழுதியவரே சந்தையும் வைத்துக் கொடுத்துவிட்டார். நான்கு நகமும் மூன்று நகமும் கொண்ட டிராகன்கள் அன்று முதல் தாராளமாகப் பெருகின.

மிங், சிங் வம்சங்கள் இந்தக் கணக்கை மேலும் இறுக்கின. சிங் காலத்து விதி ஒன்று வேடிக்கையானது. ஐந்து நக டிராகன் நெய்த பட்டைப் பேரரசர் ஒருவருக்குப் பரிசாகக் கொடுத்தால், வாங்கியவர் அதில் ஒரு நகத்து நூலைப் பிரித்தெடுத்துவிட்டுத்தான் உடுத்த வேண்டும். அரக்குப் பெட்டிகளில் ஐந்தாவது நகம் மட்டும் சுரண்டப்பட்டிருப்பதை இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். பீங்கானிலும் அப்படித் தேய்த்து அழித்த நகங்கள் உண்டு. எனாமலைத் தேய்த்து எடுப்பது நூலைப் பிரிப்பதுபோல் எளிதல்ல, தழும்பு நிற்கும்.

இந்த டிராகன் நம் மொழியோடும் ஒருமுறை உரசியிருக்கிறது. மிங் பேரரசர் யோங்லேயின் ஆணையில் செங் ஹவின் கப்பற்படை இலங்கைக்குக் கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட கல்வெட்டு காலி நகரில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்தைப் போற்றிக் காணிக்கைகளை அடுக்குகிறது. கல்லின் வளைந்த உச்சியில் இரண்டு டிராகன்கள் முகம் பார்த்து நிற்கின்றன. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் எழுத்தைப் படித்துவிட்டு மேலேயும் ஒருமுறை பார்க்கலாம்.

சூளைக்குத் திரும்புவோம். யோங்லேயின் பேரன் சுவாண்டே பேரரசர் காலத்தில், 1433இல் அரண்மனைச் சமையல் துறை ஜிங்டெஜெனுக்குக் கொடுத்த ஓர் உத்தரவு, டிராகனும் ஃபீனிக்ஸும் வரைந்த பாத்திரங்கள் முதலாக மொத்தம் 4,43,500 உருப்படிகள் என்கிறது. அச்சடித்த எண் சரிதானா என்று மறுபடி பார்க்கத் தோன்றும். சரிதான். கைச்சக்கரத்தில் வனைந்து, கையால் வரைந்து, விறகில் சுட்ட பாத்திரங்கள்.

இத்தனை சுட்டால் எத்தனை பழுதாகியிருக்கும்? அந்தக் கால வழக்கப்படி பழுதானதை விற்பதில்லை, கொடுப்பதில்லை, வைத்துக்கொள்வதுமில்லை. உடைத்துக் குழியில் புதைத்துவிடுவார்கள். ஜிங்டெஜெனின் சூஷான் மேட்டில் 1980களில் தோண்டியபோது இந்தக் குழிகள் வரிசையாகக் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் ஆளை உட்கார வைக்கும் அளவுள்ள டிராகன் தொட்டிகளின் சில்லுகள். பழைய வரலாற்று நூலில் இருந்த ஒரு செய்திக்கு அது மண்ணிலிருந்து வந்த சாட்சி. 1440களில் பெய்ஜிங்கில் மூன்று பெரிய மண்டபங்களைப் புதிதாகக் கட்டி முடித்தபோது, அவற்றுக்காக டிராகன் தொட்டிகள் கேட்கப்பட்டன. வந்தவற்றில் கீறல் இருப்பதாக வாங் ஜென் என்ற அண்ணகர் கண்டுபிடித்தார். அன்றைக்கு இளம் பேரரசரை ஆட்டிவைத்தவர் அவர். உடனே காவல்படைத் தளபதி ஒருவர் ஜிங்டெஜெனுக்குப் போய், மேற்பார்வை அதிகாரியைத் தடியால் அடித்துவிட்டு, மறுபடி செய்ய ஏற்பாடு செய்தார். அதே ஆட்சியின் இன்னொரு ஆணை: அரச சூளைக்கு வெளியே மஞ்சள், ஊதா, சிவப்பு, பச்சை, நீலப் பீங்கான்களைத் தனியார் செய்யக் கூடாது, மீறினால் தலைமைக் குற்றவாளிக்கு உடலை அங்கம் அங்கமாக வெட்டிக் கொல்லும் தண்டனை, சொத்து பறிமுதல், வீட்டு ஆண்களுக்கு எல்லைப் பாசறை.

தொட்டி சம்பந்தமான அடுத்த கதை இன்னும் கொடியது. வான்லி பேரரசர் காலம். பான் சியாங் என்ற அண்ணகர் வரி வசூலுக்கும் சூளைக்குமாக ஜிங்டெஜெனில் வந்து உட்கார்ந்தார். பெரிய டிராகன் தொட்டி சூளையில் தேறவே இல்லை. அடியும் பட்டினியும் தொழிலாளிகளுக்குத்தான். 1599இல் தோங் பின் என்ற சூளைக்காரர் எரிகிற சூளைக்குள் குதித்தார். மறுநாள் திறந்து பார்த்தால் தொட்டி பழுதில்லாமல் வெந்திருந்தது என்கிறது மரபு. தொட்டி வெந்ததை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஜிங்டெஜென் கொதித்தெழுந்து அரச சூளைக் கட்டடத்துக்குத் தீ வைத்தது. அதை அரசாங்கப் பதிவுகளே சொல்கின்றன. தோங் பின் காற்றுக்கும் தீக்கும் தெய்வமானார். நூற்று முப்பது ஆண்டு கழித்து வந்த தாங் யிங், அவருக்கு வரலாறு எழுதினார். ஒதுக்குப்புறமாகக் கிடந்த ஒரு வான்லி காலத்துப் பழுதான தொட்டியைக் கண்டெடுத்து, அந்தத் தெய்வத்தின் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்து, அதற்கும் ஒரு குறிப்பு எழுதினார். ஓர் அரச ஊழியர் ஒரு தற்கொலைக்கு இப்படிக் கைகூப்பியது சின்ன விஷயமல்ல.

அந்தத் தொட்டிகள் பெரும்பாலும் நீல வண்ணம். கோபால்ட் நீலம் 1300 டிகிரி வெப்பத்தைத் தாங்கும். அதனால் மெருகுக்கு அடியில் வரைந்து ஒரே சூட்டில் முடித்துவிடலாம். மற்ற நிறங்களுக்கு அந்தத் தெம்பு இல்லை. அவற்றுக்குத்தான் எனாமல். பொடித்த ஈயக் கண்ணாடியில் தாமிரம் சேர்த்தால் பச்சை, இரும்பு கொஞ்சம் சேர்த்தால் மஞ்சள், மாங்கனீசு சேர்த்தால் கத்தரிப்பூ நிறம். ஏற்கெனவே வெந்த பாத்திரத்தின்மேல் இதைப் பூசி, 800 டிகிரியை ஒட்டிய மெல்லிய சூட்டில் இரண்டாம் முறை சுடுவார்கள்.

மிங் காலத்து வெள்ளைத் தட்டில் பச்சை டிராகன் ஒன்று எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால், அந்த நகத்தின் மேல் எவ்வளவு உழைப்பு ஏறியிருக்கிறது என்பது புரியும். தட்டு பச்சை மண்ணாக இருக்கும்போதே கூர்முனையால் டிராகனைக் கீறிவிடுவார்கள்: செதில் செதிலாக, மீசை, பிடரி, நகம் எல்லாம். பிறகு தட்டு முழுக்க மெருகு, டிராகன் உடம்பில் மட்டும் மெருகு கிடையாது. முதல் சூளையிலிருந்து வரும்போது தட்டு பளபளக்கும், டிராகன் மட்டும் தோலுரிந்ததுபோல் சொரசொரப்பாக இருக்கும். இந்த அரைகுறை நிலையிலேயே கழிக்கப்பட்ட, மிங் பேரரசர் செங்ஹுவா காலத்துத் தட்டுகள் சூஷான் குழிகளில் கிடைத்திருக்கின்றன. தேறிய தட்டில் அந்தப் பள்ளத்துக்குள் பச்சை எனாமலை நிரப்பி மறுபடி சுடுவார்கள். எனாமல் உருகிக் கீறலுக்குள் இறங்கித் தேங்கும். தேங்கிய இடத்தில் பச்சை கறுக்கும். தூரிகையே தொடாமல் செதில்கள் கரும்பச்சைக் கோடுகளாக எழுந்து நிற்கும். அருங்காட்சியகக் கண்ணாடிக்கு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தால், விளிம்பில் ஓரிரு இடங்களில் பச்சை கோட்டைத் தாண்டி வெள்ளையில் கசிந்திருப்பதும் தெரியும். எனக்கு அந்தக் கசிவுதான் பிடிக்கும்.

விண்ணப்பம் எழுதிய அதே 1743இல் தாங் யிங் இன்னொரு வேலையும் செய்தார். பீங்கான் தயாரிப்பைக் காட்டும் இருபது ஓவியங்களுக்கு, பேரரசர் கேட்டபடி விளக்கம் எழுதிக் கொடுத்தார். இரண்டாம் சூடு எப்படி நடக்கும் என்பதை அதில் விவரிக்கிறார். சிறு பாத்திரத்துக்குத் திறந்த உலை. பாத்திரத்தை ஒரு இரும்புச் சக்கரத்தின்மேல் வைத்து, இரும்புக் கவையால் உலைக்குள் தள்ளி, பக்கத்திலிருந்து கொக்கியால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், சூடு சீராகப் படுவதற்காக. பெரிய பாத்திரத்துக்கு மூடிய உலை. சுற்றிலும் கரி, வாயை மண்ணால் பூசி அடைத்து, ஒரு பகல் ஒரு இரவு. வண்ணம் குழைக்க மூன்று வழி: நறுமணப் பிசின் எண்ணெய், பசைநீர், வெறும் தண்ணீர். நிறத்தை மெல்லப் படரவிட எண்ணெய், ஒற்றிப் பூசப் பசைநீர், மேடாக நிரப்பத் தண்ணீர். வேலைப் பங்கீடும் கறார். கோடு வரைகிறவர் நிறம் கற்பதில்லை, நிறம் போடுகிறவர் கோடு கற்பதில்லை. 1712இல் ஜிங்டெஜெனைப் பற்றி எழுதிய பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரெகோல், ஒரு பாத்திரம் எழுபது கைகளைத் தாண்டி வருவதாகச் சொல்கிறார். அந்த எழுபது கைகளுக்கும் ஐந்தாவது நகம் எங்கே வரும் என்பது தெரியும். தெரிந்ததை மறக்கச் சொல்லி ஆணை போட முடியாது.

அரண்மனைக்குள் இந்த நிறங்கள் பதவிப் பட்டியலாகவே மாறியிருந்தன. பேரரசியும் பேரரசரின் தாயும் உள்ளும் புறமும் முழு மஞ்சளில் உண்பார்கள். அடுத்த படியில் இருக்கும் துணைவிக்கு வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளை. அதற்குக் கீழே மஞ்சள் தளத்தில் பச்சை டிராகன். அதற்கும் கீழே நீலத் தளத்தில் மஞ்சள் டிராகன். பிறகு பச்சைத் தளத்தில் ஊதா டிராகன். கடைசிப் படிகளில் பல வண்ணத்தில் சிவப்பு டிராகன். பந்தியில் யார் எந்த இடத்தில் உட்கார்ந்தாலும், கிண்ணத்தைப் பார்த்தாலே அந்தஸ்து தெரிந்துவிடும். ஒருத்தி பதவி உயர்ந்தால் பாத்திரம் மாறும், இறங்கினாலும் மாறும். தாமிரத்திலிருந்து மாங்கனீசுக்கு இறங்குவது அங்கே பெரிய அவமானம்.

இவ்வளவு கட்டுக்காவல் இருந்தும் டிராகன் வெளியே நழுவியது எப்படி? சூளை வழியாகத்தான். பதினாறாம் நூற்றாண்டிலேயே அரண்மனையின் கேள்வி அரச சூளையின் கொள்ளளவைத் தாண்டிவிட்டது. பாத்திரத்தை அரச பட்டறையில் வனைந்து, ஊரார் சூளையில் கொடுத்துச் சுடுவது வழக்கமாயிற்று. சிங் காலத்தில் அதுவே விதி. உயர்ந்த சூட்டுக்கு அரசப் பாத்திரங்கள் தனியார் சூளைக்கே போயின. கூலி கொடுத்து, நல்ல இடமாகப் பார்த்து அடுக்கினார்கள். பேரரசரின் டிராகனும் ஊர்ச் சந்தைக் கிண்ணமும் ஒரே தீயில் வெந்தன. அரச பட்டறையில் 300 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். அவர்களுடைய அண்ணன் தம்பி, மாமன் மைத்துனன் எல்லாம் பக்கத்துத் தெருவில் தனியார் பட்டறைகளில். இந்த ஊரில் தொழில் ரகசியத்துக்கு வேலி போடுவது நடக்கிற காரியமா?

இப்போது சியென்லுங்கின் பதிலைப் படிக்கலாம். மஞ்சள் பாத்திரம் பற்றி நீ கேட்டபடியே ஆகட்டும். ஐந்து நக டிராகன் வெளியே எப்போதும் இருப்பதுதான். அதை முன்பு சொன்னபடியே விற்றுவிடு.

அவ்வளவுதான். கண்டுபிடித்தால் வெட்டிக் கொல்வோம் என்று மூன்று நூற்றாண்டுக்கு முன்னால் ஓர் அரசாங்கம் சட்டம் போட்ட ஊருக்கு, இப்படி ஒரு பதில். கோபமில்லை, விசாரணை இல்லை, ‘வெளியே எப்படிப் போயிற்று’ என்ற கேள்விகூட இல்லை. சிலர் இதைச் சியென்லுங்கின் பெருந்தன்மை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கவிதைக்காகப் புத்தகங்களை எரிக்கவும் ஆட்களைக் கொல்லவும் தயங்காதவர் அவர். இங்கே அவர் பார்த்தது வரவு செலவை. கதவு எப்போதோ திறந்துவிட்டது. பூட்டுக்குச் செலவழிப்பானேன் என்ற கணக்கு.

மஞ்சளை மட்டும் ஏன் பிடித்து வைத்துக்கொண்டார்? மஞ்சள் வெறும் அந்தஸ்து நிறமல்ல, சடங்கு நிறம். 1530இல் மிங் பேரரசர் ஜியாஜிங் வகுத்த முறைப்படி வானத்துக்கு நீலம், பூமிக்கு மஞ்சள், சூரியனுக்குச் சிவப்பு, சந்திரனுக்கு வெள்ளை என்று பலிபீடப் பாத்திரங்களின் நிறம் பிரிக்கப்பட்டிருந்தது. பூமிக்குப் படைக்கும் கிண்ணம் சந்தையில் கூறு கட்டி விற்கப்படுவதைப் பேரரசரால் பொறுக்க முடியாது. இன்னொன்றும் இருக்கலாம்: நகத்தை எண்ண வேண்டுமானால் கிட்டே வர வேண்டும். மஞ்சளை நூறடி தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்.

அந்தப் பதிலின் விளைவைப் பழம்பொருள் சேகரிப்போர் இன்றும் அனுபவிக்கிறார்கள். ஐந்து நகமா, அப்படியானால் அரண்மனைச் சரக்கு என்று ஏலப் பட்டியல்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகின்றன. சியென்லுங்கே ஒத்துக்கொள்ளாத வாதம் இது. 1743க்குப் பிறகு விற்கப்பட்ட இரண்டாம் தரக் கிண்ணங்கள் அதே மண், அதே பட்டறை, அதே ஆட்சி முத்திரை. ஒரு புள்ளியோ, நிறத்தில் ஒரு மங்கலோ மட்டும்தான் வித்தியாசம். அவற்றைப் பார்த்து ஊர்ப் பட்டறைகள் செய்தவை வேறு. அவற்றைப் பார்த்துப் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் செய்தவை வேறு. 2022 அக்டோபரில் பிரான்சில் ஒன்பது டிராகன்கள் கொண்ட உருண்டைக் குடுவை ஒன்று ஏலத்துக்கு வந்தது. நிபுணர் அதை இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு என்று சொல்லி 1,500 முதல் 2,000 யூரோ மதிப்பிட்டார். ஏலம் 77 லட்சம் யூரோவில் முடிந்தது. கட்டணம் சேர்த்து 91 லட்சத்துக்கு மேல். பதினெட்டாம் நூற்றாண்டு என்று வாங்கியவர் நம்பினார், இல்லை என்று நிபுணர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். நகத்தை இரண்டு பேரும் எண்ணித்தான் இருப்பார்கள்.

தாங் யிங் அந்தப் பதிலுக்குப் பிறகும் பல ஆண்டுகள் சூளையை நடத்தி, 1756இல் இறந்தார். அவர் காலத்துப் பாத்திரங்களில் பச்சை, மஞ்சள், ஊதாவுக்குப் பக்கத்தில் ஒரு புது நிறம் வந்து உட்கார்ந்திருக்கும்: ரோஜாச் சிவப்பு. சீன எனாமலில் அதற்கு முன் இல்லாத நிறம். தங்கத்தைக் கரைத்து எடுத்தது. ஐரோப்பியப் பாதிரியார்கள் பெய்ஜிங் அரண்மனைக்குள்ளேயே உலை வைத்து அதற்காகப் பட்ட பாடும், 1728இல் அரண்மனைப் பட்டறை சொந்தமாகவே எனாமல் நிறங்களைக் காய்ச்சிக் காட்டிய கதையும் அடுத்த இதழில்.